கல்யாணம் அங்கே, பிள்ளை இங்கே: சான்றிதழ்களோடு இரண்டு மாநிலம் அலைந்த அனுபவம்

வெளிநாட்டுக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழ் எதுவாக இருந்தாலும், நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பது கணக்கில் வராது. அந்தக் காகிதத்தை எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் அதில் முதல் முத்திரை போட வேண்டும். இந்த ஒரு விஷயம் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் எனக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். மீதியைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

எங்கள் வீடு களியக்காவிளையில், தமிழ்நாட்டின் கேரள எல்லை. நான் பிறந்து வளர்ந்தது பாறசாலைப் பக்கம், கேரளம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்துச் சில்லறை வாங்குவதற்குள் இறங்க வேண்டிய தூரம். இங்கே யாரும் எல்லையை நினைத்து வாழ்வதில்லை. ஏத்தங்காய் வாங்க ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பக்கம், பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு முன்பு இரண்டும் ஒரே ஆட்சிக்குள் இருந்தவைதான். என் மாமனார் வைத்திருக்கும் பழைய பத்திரங்கள் இன்றைக்கும் மலையாளத்தில்தான் இருக்கின்றன. இப்படி வாழ்கிற குடும்பங்களில் பீரோவைத் திறந்தால் பாதிச் சான்றிதழ் அந்த மாநிலம், பாதி இந்த மாநிலம். சாதாரண நாளில் அதில் ஒரு சங்கடமும் இல்லை, விசா என்று வரும்போதுதான் அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

என் கணவர் அபுதாபியில் ஏசி மெக்கானிக். போன வருடம் கம்பெனியில் குடும்ப விசாவுக்குச் சம்மதம் கிடைத்ததும் இரண்டு சான்றிதழ் அனுப்பச் சொன்னார்கள், எங்கள் திருமணச் சான்றிதழ் ஒன்று, மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, இரண்டும் ‘அட்டெஸ்ட்’ ஆகியிருக்க வேண்டும், அதாவது உண்மையானவை என்று அரசு முத்திரைகள் விழுந்திருக்க வேண்டும். நான் பிஎஸ்சி கணிதம் படித்தவள், அங்கே பள்ளிக்கூட வேலைக்கு முயற்சி பண்ணலாம் என்று என் பட்டச் சான்றிதழையும் சேர்த்துக்கொண்டோம். ஆக மூன்று காகிதம். கல்யாணம் நடந்தது என் ஊர் சர்ச்சில், அது கேரளம். மகள் பிறந்தது மார்த்தாண்டத்தில், அது தமிழ்நாடு. பட்டம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அதுவும் தமிழ்நாடு. மூன்றையும் ஒரே கவரில் போட்டு, பக்கத்திலேயே இருக்கிறதே என்று திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனேன். திருமணச் சான்றிதழை மட்டும் பார்க்க முடியும், மற்ற இரண்டும் சென்னைக்குப் போக வேண்டியவை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். திருவனந்தபுரம் எங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம், சென்னை 700 கிலோமீட்டர். அதைக் கேட்டதும் மனசு சோர்ந்துதான் போனது. அதிலும் அந்தத் திருமணச் சான்றிதழ்கூட அன்றைக்குச் செல்லவில்லை, அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

முதலில் இந்த முத்திரைகள் என்ன சொல்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், அது புரிந்துவிட்டால் எதற்காக அலைகிறோம் என்பது தெளிவாகும். நகராட்சி அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழை அபுதாபியில் இருக்கிற ஒருவர் எப்படி நம்புவார்? அவருக்கு நகராட்சியைத் தெரியாது. ஆனால் மாநில அரசுக்கு நகராட்சியைத் தெரியும், டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்கு மாநில அரசைத் தெரியும், அந்த நாட்டுத் தூதரகத்துக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தைத் தெரியும். ஒவ்வொருவரும் தனக்கு முந்தினவரின் கையெழுத்தும் முத்திரையும் உண்மைதான் என்று மட்டும் சொல்கிறார்கள், அதற்காகத்தான் மாதிரிக் கையெழுத்துகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே எழுதியிருப்பது சரியா தப்பா என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அதனால் உள்ளே பிழை இருந்தால் நாலு முத்திரை விழுந்த பிறகும் அது பிழைதான். முத்திரை விழுந்த பிறகு திருத்தப் போனால் புதுச் சான்றிதழ் வாங்கி முதல் படியிலிருந்து திரும்ப ஏற வேண்டும்.

இந்தப் படிகளைக் குறைக்கத்தான் 1961 அக்டோபர் 5-ஆம் தேதி ஹேக் நகரில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சேர்ந்த நாடுகளுக்குள் தூதரக முத்திரை வேண்டாம், அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் அது சான்றிதழின் பின்பக்கம் ஒட்டுகிற சதுரமான ஸ்டிக்கர். என் சித்தி மகன் ஓமனுக்குப் போகும்போது அவன் சான்றிதழை வாங்கி நிதானமாகப் பார்த்தேன். மேலே பிரெஞ்சில் ஒரு வரித் தலைப்பு, கீழே 1 முதல் 10 வரை எண் போட்ட வரிகள்: எந்த நாடு, யார் கையெழுத்துப் போட்டது, என்ன பதவி, யாருடைய முத்திரை, எந்த ஊர், என்ன தேதி, வரிசை எண் என்று. எந்த நாட்டு அப்போஸ்டிலாக இருந்தாலும் இந்தப் பத்து வரிகள் ஒரே வரிசையில்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து ஸ்டிக்கர் உண்மைதானா என்று இணையத்திலேயே பார்க்கலாம். ஏஜென்டிடமிருந்து சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் எல்லா நாடும் இதில் இல்லை. வளைகுடாவில் ஓமனும் பஹ்ரைனும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, சவுதி அரேபியா 2022 டிசம்பர் 7 முதல் வந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் குவைத்தும் நான் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் வெளியேதான் இருந்தன, அதனால் எங்களுக்குத் தூதரக முத்திரையும், அங்கே போன பிறகு அவர்கள் வெளியுறவு அமைச்சக முத்திரையும் கட்டாயம். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்போஸ்டில் போதும் என்று நம்பித் துபாய்க்குச் சான்றிதழைக் கையில் கொண்டுபோய்விட்டான், கம்பெனியில் தூதரக முத்திரை எங்கே என்று கேட்க, அதைக் கொரியரில் திருப்பி அனுப்பி, இங்கே அவன் அப்பா தள்ளாத வயதில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இன்னொரு பக்கம், சவுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த பிறகும் தூதரக அட்டெஸ்டேஷன் என்று சொல்லிப் பணம் வாங்கின ஏஜென்டுகள் உண்டு. கனடாவும் 2024 ஜனவரி 11 முதல் அப்போஸ்டிலை ஏற்கிறது. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் அன்றன்றைக்குப் பார்ப்பதுதான் நல்லது. நர்சிங் முடித்து ஜெர்மன் மொழி படிக்கிற பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய, அவர்களுக்காக ஒன்று: இந்தியா இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்த நாடு. இரண்டு நாடும் உறுப்பினர் என்பதைப் பார்த்துவிட்டு அப்போஸ்டில் எடுத்து ஏமாறாதீர்கள், ஜெர்மன் தூதரகம் என்ன கேட்கிறது என்பதை அவர்கள் இணையதளத்திலேயே படித்துவிட்டு இறங்குங்கள்.

சரி, திருமணச் சான்றிதழுக்கு வருகிறேன். நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டு போனது சர்ச்சில் கொடுத்த சான்றிதழ். கல்யாணமாகி இத்தனை வருடமாக அதுதான் திருமணச் சான்றிதழ் என்று நினைத்திருந்தோம். அது சர்ச்சின் பதிவு, அரசுப் பதிவு இல்லை. கேரளத்தில் 2008 முதல் எல்லா மதத்தவருக்கும் பொதுவான திருமணப் பதிவு விதிகள் இருக்கின்றன, கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ அந்தப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிய வேண்டும். தமிழ்நாட்டில் 2009-இல் சட்டம் வந்தது, இங்கே சார்பதிவாளர் ஆபீஸ். நாங்கள் வாழ்வது தமிழ்நாடு, ஆதார் தமிழ்நாடு, ரேஷன் கார்டு தமிழ்நாடு, ஆனாலும் தாலி ஏறியது பாறசாலைப் பக்கம் என்பதால் அந்தப் பஞ்சாயத்துக்குப் போனோம். கணவர் லீவில் வந்திருந்த 20 நாளில் அதை முடிக்க வேண்டியிருந்தது. காலம் தாழ்ந்த பதிவு என்பதால் கூடுதல் காகிதங்கள், சாட்சிகள், அபராதம் எல்லாம் இருந்தன, அபராதம் பெரிய தொகை இல்லை, நாட்கள்தான் போயின. அந்த ஆபீசில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, “மக்களே, கல்யாணம் கழிஞ்ச அந்த மாசமே வந்திருந்தா இவ்வளவு பாடுபட வேண்டாம் இல்லியா?” என்று கேட்டார். உண்மைதான். உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்தால், வெளிநாட்டு நினைப்பே இல்லாவிட்டாலும், அந்த மாதமே பதிந்துவிடுங்கள். மாப்பிள்ளை லீவு முடிந்து விமானம் ஏறிய பிறகு இதை ஆரம்பிப்பது பெரிய கஷ்டம்.

அடுத்தது பெயர். இதில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது, நம் பக்கத்து ஆட்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன். என் பிறப்புச் சான்றிதழ் கேரளம், அதில் அப்பா பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடம் மார்த்தாண்டத்தில் படித்ததால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தமிழ்நாட்டு முறைப்படி ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயர். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் என்ற இடத்தில் என் பெயரோடு கணவர் பெயர் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் பெயரில் ஓர் இடத்தில் ஆங்கில ‘ஏ’ எழுத்து ஒன்று, இன்னோர் இடத்தில் இரண்டு. ஆக நான் ஒருத்தி, காகிதத்தில் நாலு பெண்கள். நமக்கு இது நம் பழக்கம், வெளிநாட்டில் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற ஒருவருக்கு நாலும் நாலு ஆட்கள்தான்.

நான் செய்தது இது. ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டு, மேலே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுதி, கீழே ஒவ்வொரு சான்றிதழிலும் என் பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எழுதினேன். வேறுபடுகிற இடத்தில் சிவப்புப் பேனா. அதைப் பார்த்ததும் எதைத் திருத்த வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்த 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு இருக்கிறது, பதிந்த ஆபீசிலேயே ஆதாரத்தோடு விண்ணப்பம் கொடுக்கலாம். குழந்தையின் பெயர் இல்லாமல் வெறுமனே ‘பெண் குழந்தை’ என்று வாங்கிய சான்றிதழ்கள் நிறைய வீடுகளில் இருக்கும், பிறந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம். என் மகளின் சான்றிதழில் பெயர் இருந்தது, என் பெயர்தான் தப்பு. அதைத் திருத்திப் புதிய கணினிப் பிரதி வாங்க ஆறு வாரம் ஆனது. பிழையை அப்படியே விட்டுவிட்டு முத்திரைக்கு அனுப்பலாம் என்று ஏஜென்ட் சொன்னார், நான் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் எடுத்த முடிவு சரியென்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பட்டச் சான்றிதழில் ஏஜென்டை நம்பினேன், அங்கே அடி வாங்கினேன். கல்விச் சான்றிதழுக்கு வழி தனி. கேரளத்தில் படித்தவர்களுக்கு நோர்க்கா ரூட்ஸ் என்ற கேரள அரசு நிறுவனம் இருக்கிறது, இணையத்தில் பதிந்து குறித்த நாளில் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு மையங்களில் கொடுக்கலாம், வர முடியாதவர்களுக்காக நெருங்கிய சொந்தம் அனுமதிக் கடிதத்தோடு போகலாம். பக்கத்தில் இருப்பதால் நம் ஆட்களும் அங்கே போய் நிற்கிறார்கள், ஆனால் தமிழ்நாட்டுப் பட்டத்துக்கு அது வழி இல்லை, பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பும் நம் உயர்கல்வித் துறையின் ஒப்பமும் வேண்டும். நான் பார்த்த ஏஜென்ட் 15 நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். 15 நாளில் முடித்தும் கொடுத்தார். கையில் வாங்கி முத்திரையைப் படித்தால் டெல்லியில் ஒரு உட்கோட்ட நடுவரின் (எஸ்டிஎம்) முத்திரை. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை டெல்லியில் இருக்கிற நடுவர் எங்கே சரிபார்த்தார்? நோட்டரி செய்து, டெல்லியில் அந்த முத்திரை வாங்கி, அதன்மேல் வெளியுறவு அமைச்சக முத்திரை போடுகிற குறுக்கு வழி அது. சில தேவைகளுக்கு அது செல்லும், வேலைக்கு என்று பட்டத்தைக் கேட்கிற இடங்களில் பலவும், மாநிலக் கல்வித் துறை முத்திரை எங்கே என்றுதான் கேட்கின்றன. என்னிடமும் அதையே கேட்டார்கள். கொடுத்த பணம் போனது, முறைப்படி முதலிலிருந்து செய்தோம்.

அதனால் ஏஜென்டிடம் கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: மாநில அளவில் எந்தத் துறை முத்திரை போடும், அதை ரசீதில் எழுதிக் கொடுப்பீர்களா? எழுதிக் கொடுக்கத் தயங்கினால் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியுறவு அமைச்சகம் 2012 முதல் நம் கையிலிருந்து நேரடியாக வாங்குவதில்லை, அவர்கள் அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அந்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. 2019 முதல் இந்த வேலை டெல்லியோடு நிற்காமல் சென்னை, திருவனந்தபுரம் போன்ற ஊர்களிலும் நடக்கிறது. எனக்குச் சொன்ன கணக்குப்படி அரசுக் கட்டணம் அப்போஸ்டிலுக்கு ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய்தான், சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அதுவும் இல்லை, அதற்கு மேல் அந்த நிறுவனத்தின் சேவைக் கட்டணம். என்னிடம் ஒருவர் இந்த ஒரு படிக்கு மட்டும் 4,500 கேட்டார். அமீரகம் போன்ற நாடுகளுக்குத் தூதரகக் கட்டணம்தான் பெரிய செலவு, அதைத் தனியாக ரசீதோடு காட்டச் சொல்லுங்கள். இ-சனத் என்ற அரசு இணையதளமும் இருக்கிறது, சான்றிதழ் கொடுத்த நிறுவனம் அதில் இணைந்திருந்தால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

மகளின் சான்றிதழுக்காகக் குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி நானே சென்னைக்குப் போனேன். எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன், அங்கிருந்து தலைமைச் செயலகம். யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம், ஆனால் திருத்தி வாங்கின ஒரே பிரதி, கையை விட்டு அனுப்ப மனசு வரவில்லை. மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்கிறேன், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள், கட்டணம் கொஞ்சம்தான். ஒன்று முத்திரைக்குப் போயிருக்கும்போது இன்னொன்று பாஸ்போர்ட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வேண்டியிருக்கும்.

லேமினேட் பண்ணாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அம்மா செய்ததுதான், ஆனால் பிளாஸ்டிக் மேல் முத்திரையும் விழாது, ஸ்டிக்கரும் ஒட்டாது. பிரிக்கப் போய்க் கிழித்தவர்களை எனக்குத் தெரியும், அதைவிடப் புதுப் பிரதிக்கு விண்ணப்பிப்பது மேல். கையால் எழுதின பழைய மலையாளச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கணினிப் பிரதி வாங்கினால் மொழிபெயர்ப்புச் செலவு பெரும்பாலும் மிச்சமாகும், அதில் கையெழுத்துப் போட்டவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தால் அவர் மாதிரிக் கையெழுத்தைத் தேடுகிற பாடும் இல்லை. ஒவ்வொரு படி முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அவர் அங்கே கம்பெனியில் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த படிக்குப் பணம் கட்டினேன்.

போன மாதம் மூன்று சான்றிதழும் தயாராகிவிட்டன. விசா வந்ததும் கிளம்புகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற தங்கச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் துணிக்கடைக் கவர், இடுப்பில் கைக்குழந்தை. “அக்கா, அவரு கத்தார்ல இருந்து எங்களயும் கூப்பிடுறாரு, இதெல்லாம் போதுமான்னு பாருங்க” என்றாள். திண்ணையில் உட்கார்ந்து கவரைத் திறந்தேன். முதலில் வந்தது சர்ச்சில் கொடுத்த திருமணச் சான்றிதழ், பளபளவென்று லேமினேட் பண்ணி. கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டேன். இஞ்சிவிளை என்றாள், அதுவும் கேரளம். மறுநாள் காலை இரண்டு பேரும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பஸ் ஏறினோம்.